ஹாரன் அடித்த பிறகு

மூன்றாவது கேம். இருபதுக்கு இருபது. சேர்ந்தாற்போல் இரண்டு பாயிண்ட் எடுப்பவள் ஃபைனலுக்குப் போவாள்.

வளையம் மதிவதனியின் கையில் இருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் சுகப்பிரியா முன்பாதத்தில் நின்றபடி வலது கையை விரித்துக் காத்திருந்தாள். சுற்றிலும் முந்நூறு பெண்கள். ஏ ஷிப்ட் முடிந்த கையோடு, நீல ஓவர்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தவர்கள். அரை மணி நேரமாகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள் அந்த நொடியில் கப்சிப்.

அப்போது ஹாரன் அடித்தது.

மூன்று நீளச் சத்தம். கேட் பக்கம் நின்ற முதல் பஸ்ஸின் ஹாரன். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் ஹார்னஸ், அதாவது வயர்க் கட்டு, செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மணி இரண்டு நாற்பது, இன்னும் இரண்டு நிமிடத்தில் பத்து பஸ்களும் கிளம்பும். விட்டுவிட்டால் மெயின் ரோடு வரை வெயிலில் நடை, அப்புறம் ஷேர் ஆட்டோவில் ஒற்றைக் காலில் பயணம்.

மதிவதனி வளையத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

சுகப்பிரியாவும் ஓடினாள்.

முந்நூறு பேரும் ஓடினார்கள். எண்ணி முப்பதே வினாடி. மைதானத்தில் புழுதியும், யாரோ விட்டுப்போன ஒரு செருப்பும், சிவப்பு ரப்பர் வளையமும் மட்டும் மிச்சம்.

அப்புறம் இரண்டே இரண்டு ஆட்கள். ஒருவர் விசிலும் கையுமாக அம்பயர் மண்ணாங்கட்டி. கம்பெனியின் செக்யூரிட்டி அவர். விசில் அவரிடம் மட்டுமே இருந்ததால் அம்பயர் வேலையும் அவர் தலையில் வந்து விழுந்தது.

இன்னொருத்தி கனகலட்சுமி.

"இன்னாமா, பஸ்ஸு போவுது. நீ இன்னும் நின்னுகினு கீற?"

கால்கள் ஏன் நகரவில்லை என்று அவளுக்கே புரியவில்லை. ஏழு வருஷத்தில் அவள் பஸ்ஸை விட்டது அன்றைக்குத்தான்.

பழக்கதோஷத்தில் குனிந்து வளையத்தை எடுத்து, தட்டித் துடைத்து, தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவளுடைய பைதான் அதற்கு வீடு. சாம்பியனிடம்தான் மேட்ச் வளையம் இருக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். 2007-ல் கம்பெனி திறந்த முதல் வருஷத்திலிருந்து, இந்த 2014 வரை, அவளுடைய டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில்தான் அது கிடக்கிறது.

வளையப்பந்து தெரியாதவர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கவே முடியாது. இருந்தாலும் ஒரு வார்த்தை. ஆளுயர வலை. ஒரு ரப்பர் வளையம். வந்ததை ஒரே கையால் பிடித்து, அதே கையால், பிடித்த மாத்திரத்தில் திருப்பி எறிய வேண்டும். கை மாற்றக் கூடாது, எறிவதுபோல் ஏய்க்கக் கூடாது. தரையில் விட்டால் பாயிண்ட் எதிராளிக்கு. டென்னிஸுக்குத் தங்கச்சி மாதிரி. ராக்கெட் மட்டும் கிடையாது, மணிக்கட்டுதான் ராக்கெட்.

அந்த மணிக்கட்டு கனகலட்சுமிக்கு அசெம்பிளி லைன் கொடுத்த வரம். கோவில்பட்டிப் பக்கமிருந்து இருபத்து நாலு வயதில் வந்து, வயர்க் கட்டுக்கு டேப் சுற்றும் வேலையில் நின்றவள். நாளுக்கு ஆயிரக்கணக்கான சுற்று. அந்தச் சுழற்சியை அப்படியே வளையத்துக்குக் கொடுத்தாள். நேராக வருவதுபோல் வந்து, எதிராளியின் இடது தோளுக்கு மேல் கடைசி நேரத்தில் சரிந்து விழும். 'கனகா கட்' என்றே அதற்குப் பெயர்.

இப்போது முப்பத்தொரு வயது, லைன் லீடர். வெளியே அது ஒரு வயசே இல்லை. இருபதைத் தாண்டாத பெண்கள் நிறைந்த அந்தக் கம்பெனியில் அது கிழடு. இந்த வருஷம் தன் செமிஃபைனலை ஜெயிக்க அவளுக்கு மூன்று கேம் தேவைப்பட்டது. முழங்காலுக்கு எண்ணெய், மணிக்கட்டுக்குப் பட்டி. ஆனாலும் ஃபைனலில்தான் இருந்தாள்.

கேன்டீன் சுவரில் ஏழு ஃபோட்டோ. ஏழிலும் அவள் முகம், வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் பூசினாற்போல். எட்டாவது ஃபோட்டோவுக்கு ஆணி ஏற்கெனவே அடித்தாயிற்று.

*

திங்கட்கிழமை கேன்டீனில் சாம்பார் வாளி மட்டும்தான் பறக்கவில்லை.

"ஒங்க மதிதான ரிங்கைக் கீழ போட்டா? கீழ போட்டா பாயிண்ட் யாருக்குட்டி? சொல்லு!" இது தண்டலம் ஹாஸ்டல் கோஷ்டி. தென்காசி, சங்கரன்கோவில், விளாத்திகுளம் என்று தெற்கிலிருந்து வந்த பிள்ளைகள். சுகப்பிரியா அவர்களுடைய ஆள்.

"ஆமா, உங்காளு கோட்டுக்குள்ள நின்னுகினு இருந்தாளா? அவதான் ஃபர்ஸ்ட்டு ஓட்னா. கிரவுண்டுலயே இல்லாதவளுக்கு இன்னா பாயிண்ட்டு?" இது சேரப்பணஞ்சேரி, படப்பை பஸ். உள்ளூர்ப் பெண்கள். மதிவதனி அவர்களுடைய உயிர்.

கனகலட்சுமி தட்டை வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் அவளுக்கு இடம் விட்டார்கள், மரியாதையாக. சாப்பிட்டு முடிக்கும் வரை ஒருத்தியும், 'அக்கா, ஃபைனலுக்கு ரெடியா?' என்று கேட்கவில்லை.

அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. எழுந்து கை கழுவப் போன இடத்தில் மதிவதனி நின்றாள். பத்தொன்பது வயது, ஒடிசலான உடம்பு, நீண்ட கை. முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஹாரன் அட்ச்சா காலு தானா ஓடுதுக்கா. நான் இன்னா பண்றது? பஸ்ல குந்தின அப்புறம்தான் கைய பாக்கறேன், ரிங்கு இல்ல. அப்டியே குதிச்சிடலாம்னு இருந்துச்சு."

"குதிச்சிருக்கணும்."

"டிரைவரு கதவ சாத்திட்டாரு."

கனகலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் ஹெச்.ஆர். ரூமிலிருந்து அழைப்பு வந்தது.

சரோஜா மேடம் மேஜையில் ஆண்டுவிழா அழைப்பிதழ்கள் அடுக்கு அடுக்காக இருந்தன. மண்ணாங்கட்டி ஓரமாக, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"கனகா, ஒரே கேள்வி. யார் முதல்ல கோர்ட்டை விட்டுப் போனது? நீங்க ரெண்டு பேருந்தான் அங்க இருந்தது. இவர் பார்க்கலைங்கறார்."

"பஸ்ஸு ரிவர்ஸ் எடுக்கறத பாத்துகினு இருந்தேன் மேடம்" என்றார் மண்ணாங்கட்டி. "மொத்தம் ரெண்டு கண்ணுதானே கீது எனக்கு."

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் மேடம் ஓடினாங்க. ஒரு இமை நேரம்கூட முன்ன பின்ன இல்ல."

"நிச்சயமா?"

"சத்தியமா."

சரோஜா மேடம் பேனாவை மூடினார். "அப்ப ரெண்டு பேரும் மேட்சைப் பாதியில விட்டவங்க. ரெண்டு பேரும் அவுட். வியாழக்கிழமை ஆண்டுவிழா. இன்னிக்கும் நாளைக்கும் கிரவுண்ட் கபடிக்கு. புதன் சாயந்திரம் பந்தல் போட ஆள் வந்துடும். திரும்ப நடத்த எனக்கு நேரமும் இல்ல, இந்தச் சண்டையைத் தாங்கத் தெம்பும் இல்ல. நீ ஆடவே வேண்டாம். கப் உனக்கு. எட்டாவது தடவை! கங்கிராட்ஸ்."

கை நீட்டினார். கனகலட்சுமியும் கை கொடுத்தாள்.

அவ்வளவுதான். ஆணி அடித்தாயிற்று, ஃபோட்டோ மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

*

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பைக்குள் கை விட்டால் வளையம் தட்டுப்பட்டது. சந்தோஷம் வரும் என்று வண்டலூர்–வாலாஜாபாத் ரோடு முழுக்கக் காத்திருந்தாள். லாரி வந்தது, டேங்கர் வந்தது, அது மட்டும் வரவில்லை.

சனிக்கிழமை பார்த்தது கண்ணைவிட்டுப் போகவில்லை.

சுகப்பிரியா குட்டை; இரும்புக்குண்டு மாதிரி உடம்பு. வலையை உரசி, கீழே கீழே எறிவாள். மதிவதனி எதையும் உயரத்தில் பறித்துக் கடைக்கோட்டில் இறக்குவாள். இரண்டு பேரின் ஓட்டையும் கனகலட்சுமிக்கு அத்துப்படி. சுகாவுக்கு இடது கால் திரும்பாது. மதிக்கு அவசரம், மூன்றாவது எறியிலேயே முடிக்கப் பார்ப்பாள். போன வருஷம் சுகாவை இருபத்தொன்றுக்கு ஒன்பதில் சுருட்டி வைத்தவள் அவள். இந்த ஃபைனலிலும், இருவரில் யார் வந்தாலும், மூளையை வைத்து ஜெயித்திருக்கலாம். அந்தக் கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தாள்.

ஆனால் சனிக்கிழமை சுகாவின் இடது கால் திரும்பியது. மதி ஒன்பது எறி வரை பொறுத்தாள். கனகாவுக்கு எதிராக ஒருபோதும் செய்யாததை, செய்ய முடியாததை, ஒருத்திக்கு எதிராக மற்றவள் செய்தாள். அவள் இழுக்க இவள் நீண்டாள். இவள் நீள அவள் பறந்தாள்.

ஏழு ஃபைனல்களையும் நினைத்துப் பார்த்தாள். எல்லாமே இரண்டே காலுக்குள் முடிந்தவை. ஜெயித்து, கை குலுக்கி, டீ குடித்து, ஆற அமர பஸ் ஏறியிருக்கிறாள். அதுதான் பெருமை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

அவளுடைய ஆட்டம் எதுவும் ஹாரன் வரைக்கும் போனதே இல்லை.

அவளை அந்த உயரத்துக்கு இழுக்க எதிரில் ஒருத்தி இருந்ததே இல்லை. அந்தப் பிள்ளைகள் இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று கிடைத்திருக்கிறது. அதைப் பாதியில் நிறுத்தி, இருவரையும் வெளியே தள்ளி, அந்த இடத்தில் தன் ஃபோட்டோவை மாட்டுவதா?

அதற்காக ஆசை விட்டுவிடவில்லை. சேரப்பணஞ்சேரி ஸ்டாப்பில் இறங்கும் வரை எட்டு, எட்டு என்றே மனசு அடித்துக்கொண்டது. இறங்கி, பஸ் புகை அடங்குவதற்குள், போனை எடுத்தாள்.

"மேடம், கனகலட்சுமி பேசுறேன். புதன்கிழமை ரெண்டு மணிலேருந்து ரெண்டு நாப்பது வரைக்கும் கிரவுண்ட் சும்மாதான கெடக்கு?"

"கிடக்கு. அதுல ஒரு மேட்ச்தான் நடக்கும். செமிஃபைனல் வச்சா, ஃபைனல் எப்ப வைக்கறது?"

"அதான் ஃபைனல் மேடம். அவங்க ரெண்டு பேரும் மொதல்லேருந்து ஆடட்டும். நான் வெலகிக்கிடுதேன்."

மேடத்தின் குரல் இறங்கியது.

"உனக்கு உடம்பு சரியில்லையா, கனகா?"

*

அடுத்த முட்டுக்கட்டை ரகு ரூபத்தில் வந்தது.

ரகு பி ஷிப்ட் சூப்பர்வைசர். லைனில் ஒரு வயர்த் துண்டு கீழே கிடந்தாலும் யாருடையது என்று கண்டுபிடிக்கும் வரை தூங்காத ஆள். திங்கள் முதல் ஷிப்ட் மாறி, சுகப்பிரியா பி ஷிப்ட்டுக்குப் போயிருந்தாள். அதாவது, மதிக்கு ஷிப்ட் முடியும் இரண்டு மணிக்கு சுகா லைனில் நிற்க வேண்டும்.

"முக்கா மணி நேரம் ரிலீஃபா? சான்ஸே இல்ல" என்றார் ரகு. "அவ நிக்கறது பதினாலாவது ஸ்டேஷன், ஃபைனல் டேப்பிங். சார்ட்டைப் பாருங்க."

சுவரில் யாருக்கு எந்த வேலை தெரியும் என்கிற அட்டவணை தொங்கியது. பதினாலுக்கு நேரே முழு வட்டம் வாங்கியவர்கள் மூன்றே பேர். ஒருத்தி சுகா. ஒருத்தி பிரசவ லீவில் இருந்தாள். மூன்றாவது பெயர், மை மங்கிப்போய்: கனகலட்சுமி.

"நான் நிக்கேன் சார்."

ரகு திரும்பிப் பார்த்தார். "நீங்களா? லீடர் ஆகி அஞ்சு வருஷம் ஆச்சு. நூறு செகண்டுக்கு ஒரு போர்டு வரும். கை மறந்திருக்கும்மா."

கனகலட்சுமி மேஜை மேலிருந்த ஒரு வயர்க் கட்டை எடுத்தாள். டேப் ரோலின் நுனியைப் பிடித்தாள். மணிக்கட்டு சுழன்றது. கறுப்பு டேப் பாதிக்குப் பாதி ஏறி, சுருக்கமோ இடைவெளியோ இல்லாமல், கட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடி நின்றது. கட்டை அவர் முன்னால் வைத்தாள்.

ரகு வாட்சைப் பார்த்தார். அப்புறம் கட்டை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினார் என்பது தெரிந்தது.

"லைன் ஒரு செகண்ட் நிக்கக் கூடாது."

"நிக்காது."

"நீங்க மேட்ச் பாக்க முடியாதே?"

அதை அவள் அதுவரை யோசிக்கவே இல்லை. யோசித்தாள்.

"பரவால்ல சார்" என்றாள்.

விஷயம் தெரிந்ததும் சுகப்பிரியா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "வேண்டாங்கக்கா. கப்பு ஒங்களத் தேடில்லா வந்திருக்கு. விட்டுக் குடுக்காதீய. எங்களுக்கு அடுத்த வருசம் இருக்குல்லா."

"யார்ட்டி ஒன்கிட்ட பாவம் பாக்கச் சொன்னா?" கனகலட்சுமியின் குரலில் லீடர் ஏறியிருந்தது. "ஜெயிச்சியோ தோத்தியோ, ஆட்டம் முடிஞ்ச கையோட ஓடி வந்து ஒன் இடத்தப் பிடி. அதுக்கு முன்ன ஹாரன் அடிச்சா ஓடி வந்தேன்னு வையி, காலை ஒடிச்சிருவேன்."

*

புதன்கிழமை. மணி இரண்டு.

வளையத்தை மண்ணாங்கட்டியிடம் கொடுத்துவிட்டுப் பதினாலாவது ஸ்டேஷனில் வந்து நின்றாள். கதவு அகலத்துக்குப் பெரிய போர்டுகள், மேலே வயர்க் கட்டுகள் பரத்திக் கிடக்க, பெல்ட்டில் ஊர்ந்து வந்தன. முதல் போர்டு வந்தது. சுற்றினாள். முடிந்தது. கை எதையும் மறக்கவில்லை. முழங்கால்தான் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தது.

லைனின் அந்தக் கோடியில், பத்தாவது ஸ்டேஷன் பக்கம், சரக்கு ஏற்றும் ஷட்டர் திறந்திருந்தது. அதன் வழியே மைதானம் தெரியும். அவள் நின்ற இடத்திலிருந்து தெரியாது. சத்தம் மட்டும் கேட்டது.

"ஓ...!"

யாருக்கு? மதிக்கா, சுகாவுக்கா? பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள்.

ஐந்தாவது போர்டு வந்தபோது அதன் மூலையில் ஏதோ பளிச்சென்றது. குனிந்து பார்த்தாள். டேப் துண்டுகள். கிளை பிரிக்க அடையாளம் ஒட்டும் கலர் டேப். சிவப்பு மூன்று, பச்சை இரண்டு.

ஒரு வினாடி புரியவில்லை. சுகா அன்றைக்குக் கட்டியிருந்தது சிவப்பு ரிப்பன். மதி பச்சை.

நிமிர்ந்து பார்த்தாள். ஷட்டர் பக்கம் ரகு முதுகைக் காட்டி நின்றிருந்தார், கையில் கத்தரிக்கோலுடன், ஏதோ ஆடிட் செய்கிறவர்போல விறைப்பாக. டேப் துண்டுகள் ஐந்தும் அளந்து வெட்டினாற்போல் ஒரே நீளம்.

'அட மனுஷா' என்று நினைத்துக்கொண்டாள்.

போர்டில் வேண்டாத துண்டு ஒன்றுகூட மேலே போகக் கூடாது. ஐந்தையும் உரித்துத் தன் ஓவர்கோட் கையில் ஒட்டிக்கொண்டாள். அடுத்த போர்டு: பச்சை மூன்று, சிவப்பு இரண்டு. ஐந்துக்கு ஐந்து. உரித்தாள், ஒட்டினாள், சுற்றினாள்.

ஷட்டரிலிருந்து அவளிடம் வந்துசேர ஒரு போர்டுக்கு ஆறு ஏழு நிமிடம். சத்தம் முதலில் வரும். அது யாருடைய சத்தம் என்பது பின்னால் ஊர்ந்து வரும். அந்த இடைவெளியில் கனகலட்சுமி கையைச் சுற்றிக்கொண்டே மனசுக்குள் முழு ஆட்டத்தையும் ஆடினாள். இப்படி இறக்கியிருப்பாள் மதி. இல்லை, இல்லை, இப்போது வலையோரம் போயிருப்பாள் சுகா. போர்டு வரும். சில சமயம் அவள் ஊகம் சரி. பல சமயம் தப்பு. தப்பும்போதெல்லாம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளுக்குத் தெரியாத எதையோ அங்கே செய்துகொண்டிருக்கிறார்கள்!

முதல் கேம் சுகா, இருபத்தொன்று பதினெட்டு. இரண்டாவது மதி, இருபத்தொன்று பத்தொன்பது. இடது கை முழங்கை வரை சிவப்பும் பச்சையுமாக நிறைந்து, வலது கைக்குத் தாவியிருந்தது. மூன்றாவது கேம் எட்டுக்கு எட்டு என்று போர்டு சொன்ன நேரத்தில்...

ஹாரன் அடித்தது.

மூன்று நீளம்.

அவள் கை சுற்றுவதை நிறுத்தவில்லை. காது மட்டும் ஷட்டர் பக்கம் ஓடியது. முந்நூறு ஜோடிச் செருப்பு தடதடக்கும் சத்தம் இதோ வரப்போகிறது. இதோ.

வரவில்லை.

மறுபடி ஹாரன். பொறுமையிழந்த டிரைவர் இந்தத் தடவை நாலாக அடித்தார். அதற்குப் பதிலாக மைதானத்திலிருந்து ஒரே ஒரு பெரும் கத்தல் எழுந்தது. ஒருத்திகூட நகரவில்லை.

கனகலட்சுமியின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. அப்படியே சுற்றினாள்.

மணி இரண்டு நாற்பத்தைந்துக்குக் கூரைத் தகடு அதிரும்படி இன்னொரு சத்தம். முடிந்துவிட்டது! யார்? போர்டில் வந்திருந்தது பதினாலுக்குப் பதினைந்துதான். பெல்ட் அதன்பாட்டுக்கு ஊர்ந்தது. அந்த நேரத்தில் யாராவது பெல்ட்டின் வேகத்தைக் கூட்டியிருந்தால் அவர்கள் காலில் விழுந்திருப்பாள்.

செய்திக்கு முன்னால் சுகப்பிரியா வந்துவிட்டாள். முகமெல்லாம் புழுதி, வியர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது. ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டே ஓடி வந்தவள் எதுவும் சொல்லவில்லை. கனகலட்சுமியும் கேட்கவில்லை.

"தள்ளுங்கக்கா. என் இடம்" என்றாள் சுகா.

நேற்று வரை 'அக்கா, இதச் செய்யட்டுமா' என்று கேட்டு நின்ற பிள்ளை. கனகலட்சுமி டேப் ரோலை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஓரடி தள்ளி நின்றாள்.

அடுத்த போர்டு வந்தது. பதினேழுக்குப் பதினேழு. அடுத்தது, பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. இன்னொன்று, இருபதுக்கு இருபது. ஆடி முடித்துவிட்டு வந்த ஆட்டம் அவள் கண் முன்னாலேயே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. சுகா தலை நிமிராமல் சுற்றினாள். கனகலட்சுமி உரித்து உரித்து ஒட்டிக்கொண்டாள்.

கடைசி போர்டு. பச்சை இரண்டு.

கனகலட்சுமி கை நீட்டுவதற்குள் சுகா அந்த இரண்டையும் உரித்தாள். தன் ஓவர்கோட் காலருக்கு உள்பக்கம் ஒட்டி, விரலால் அழுத்தினாள்.

"இது இங்கனயே இருக்கட்டும்க்கா" என்றாள். "அடுத்த வருசம் வரைக்கும்."

*

வெளியே வந்தபோது மணி இரண்டு ஐம்பத்தைந்து. எல்லா பஸ்ஸும் போயிருந்தன. சேரப்பணஞ்சேரி பஸ்ஸைத் தவிர. அதன் முன்சக்கரத்தின் எதிரே மண்ணாங்கட்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், காத்து இருக்குதுய்யா!" டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார்.

"இரு நைனா. அஞ்சு டயரு பாத்துட்டேன், ஒண்ணுதான் பாக்கி. சேஃப்டி முக்கியம்." கனகலட்சுமியைக் கண்டதும் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "ம், கீது காத்து. கெளம்பு."

ஏறினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. தோள் முதல் மணிக்கட்டு வரை இரண்டு கையிலும் சிவப்பும் பச்சையும்.

"இன்னாக்கா இது, கையெல்லாம்?" கடைசி சீட்டில் மதிவதனி. மணிக்கட்டில் சிவப்பு வளையம், வளையல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"நீங்க ஆடின ஆட்டம்."

மதி எழுந்து பக்கத்தில் வந்து ஒவ்வொரு துண்டாகத் தொட்டுப் பார்த்தாள். "ஐயோ, ஆமா! இது செகண்டு கேமு... இங்க ஒரே மூச்சா நாலு செவப்பு, கொன்னுட்டாக்கா அவ என்ன அப்போ!" அவள் சொல்லிக்கொண்டே போனாள், பாயிண்ட் பாயிண்ட்டாக. ஒரு இடத்தில் கனகலட்சுமி கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"இருபதுக்கு இருபதுல, ஹாரனுக்கு அப்புறம், எங்க எறிஞ்ச?"

"அவ இடது தோளுக்கு மேல. அங்கத்தான் வுழும்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு விரக்கட தள்ளிப் போச்சு."

கனகா கட். அதைவிட ஒரு விரற்கடை தள்ளி. ஏழு வருஷமாக அந்த ஒரு விரற்கடை அவளுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பட்டியை அவிழ்த்து, திருப்பி இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அடுத்த வருசம் நான் முதல் ரவுண்டுலேருந்து ஆடி வாரேன், மதி. அந்த வளையத்த பத்திரமா வச்சிரு. என்னோடது அது."

சனிக்கிழமை வரை அவளைக் கண்டால் குரலைத் தாழ்த்திய பெண், வளையத்தை விரலில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். கண்ணில் பயம் இல்லை, மரியாதைகூட இல்லை. பளபளவென்று வேறொன்று இருந்தது.

"வா, வந்து எட்த்துக்கோ பாக்கலாம். முட்டிக்கு எண்ண போட்டுனு வா!"

பஸ் முழுக்கச் சிரித்தது.

கனகலட்சுமியும் சிரித்தாள். ஏழு வருஷமாக இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஒருத்திகூட இல்லாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டு, கடைசி சீட்டில் மதியை இடித்துத் தள்ளி உட்கார்ந்தாள்.

"சொல்லு. மூணாவது கேமு. மொத சர்வீஸ் யாரு?"